பண்டிகைப் படங்களும் ஒரு தறிவீட்டு மதிப்பெண் ஏடும்

சென்ற மார்கழியில் கனடாவில் வாழும் எம் தமக்கை மகள் ஒரு பட்டியலை அனுப்பியிருந்தாள். கிறிஸ்துமஸ் காலத்துக்கென்றே தொலைக்காட்சிக்காக எடுக்கப்படும் ஆங்கிலப் படங்கள் இருபத்து மூன்றை அவளும் அவள் தோழியரும் அக்குளிர்காலத்தில் பார்த்து முடித்திருந்தனர். ஒவ்வொரு படத்துக்கும் ஐந்து விண்மீன்களுக்கு எத்தனை என்று மதிப்பிட்டு, பக்கத்தில் ஓரிரு சொற்களில் காரணமும் குறித்திருந்தாள். பட்டியலின் அடியில் ஒரு கேள்வி: "மாமா, நம்ம ஊர்ல இந்த மாதிரிப் பண்டிகைக்குன்னே டிவிக்காக எடுத்த படம் எதுவும் உண்டா?"

"இல்லை" என்று ஒரு சொல்லில் விடையெழுதியிருக்கலாம். ஆயின் அக்கேள்வி எம்மை இரு திசைகளில் இட்டுச் சென்றது. ஒன்று, இவ்வகைப் படங்கள் தோன்றிய வரலாறு. மற்றொன்று, தேசூரில் எம் பழைய வீட்டுப் பரணில் கிடந்த நாற்பது பக்க ஏடு ஒன்று. பண்டிகை நாட்களில் பார்த்த படங்களுக்கு நாமும் ஒரு காலத்தில் மதிப்பெண் இட்டு வந்தோம் என்பதை அவ்வேடு நினைவூட்டியது.

முதலில் வரலாற்றைப் பார்ப்போம். 1951 டிசம்பர் 24 அன்று இரவு, அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் 'அமால் அண்ட் த நைட் விசிட்டர்ஸ்' என்னும் இசைநாடகம் ஒளிபரப்பாயிற்று. இயற்றியவர் ஜான் கார்லோ மெனோட்டி. கால் ஊனமுற்ற ஏழைச் சிறுவன் ஒருவனின் குடிலுக்கு, குழந்தை இயேசுவைக் காணச் செல்லும் மூவரசர்கள் வந்து தங்குவதாகக் கதை. அமெரிக்கத் தொலைக்காட்சிக்கென்றே இயற்றப்பட்ட முதல் இசைநாடகம் இதுவே. இதற்குப் பொருளுதவி செய்தது ஹால்மார்க் என்னும் வாழ்த்து அட்டை நிறுவனம். பண்டிகைக்கு வாழ்த்து அட்டை விற்கும் நிறுவனம் பண்டிகைக்கு ஒரு நாடகத்தையும் வழங்கியதில் வணிகக் கணக்கு உண்டு. ஆயினும் அன்றிரவு ஒன்று உறுதிப்பட்டது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவில் குடும்பம் கூடியிருக்கும் கூடத்தில், அவர்களோடு ஒருவராய் அமர்ந்துகொள்ளும் உரிமையைத் தொலைக்காட்சிப் பெட்டி பெற்றுவிட்டது.

அடுத்த திருப்பம் ஒரு கவனக்குறைவால் நேர்ந்தது. ஃபிராங்க் காப்ரா 1946இல் எடுத்த 'இட்ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்' திரையரங்குகளில் போட்ட முதலை மீட்கவில்லை. 1974இல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்க உரியவர்கள் தவறிவிட்டார்கள். கட்டணமின்றிக் கிடைக்கும் படம் என்பதால் ஊருக்கு ஊர் இருந்த சிறு நிலையங்களெல்லாம் டிசம்பர்தோறும் அதைத் திரும்பத் திரும்ப ஒளிபரப்பின. திரையரங்கில் தோற்ற படம் இருபதாண்டுகளுக்குள் ஒரு நாட்டின் பண்டிகைச் சடங்காகவே மாறிற்று. இதற்கிடையே 1971இல் சி.பி.எஸ். தொலைக்காட்சி 'த ஹோம்கமிங்' என்னும் கிறிஸ்துமஸ் படத்தைத் தயாரித்து வழங்க, மறு ஆண்டே அதிலிருந்து 'த வால்டன்ஸ்' என்னும் நெடுந்தொடர் பிறந்தது. வறுமைக் காலத்து மலைநாட்டுக் குடும்பம் ஒன்று, பண்டிகைக்கு முந்தைய இரவில் வீடு திரும்பாத தந்தைக்காகக் காத்திருப்பதே அப்படத்தின் கதை.

பின்னர் இது பெருந்தொழிலாயிற்று. 2001இல் தொடங்கிய ஹால்மார்க் தொலைக்காட்சி, 2009 முதல் கிறிஸ்துமஸை எண்ணிக் காத்திருக்கும் வாரங்களுக்கென்றே தனி வரிசை அமைத்தது. அடுத்த பத்தாண்டில் ஓராண்டுக்கு நாற்பது புதுப் படங்கள் என்னும் அளவுக்கு அது வளர்ந்தது. பெரும்பாலானவை கனடாவில், ஏறத்தாழ மூன்று வாரங்களில் எடுத்து முடிக்கப்படுபவை. பல படங்கள் கோடையில் செயற்கைப் பனியைத் தூவி எடுக்கப்பட்டவை. கதை பெரிதும் ஒன்றே. மாநகரில் உத்தியோகம் பார்க்கும் பெண் தன் சிற்றூருக்குத் திரும்புவாள். அங்கே அடுமனையோ தச்சுப் பட்டறையோ மூடப்படும் நிலையில் இருக்கும். பண்டிகை வரும். கடை பிழைக்கும். காதலும் கைகூடும். முடிவு முதற்காட்சியிலேயே எல்லோருக்கும் தெரியும். தெரிந்திருப்பதுதான் அப்படங்களின் சுகம். ஆகவே அவற்றை மதிப்பிடுவோர் கதையின் புதுமைக்கு மதிப்பெண் தருவதில்லை. பனி எவ்வளவு நம்பும்படி இருந்தது, பாட்டி வேடத்தவர் எப்படி, எத்தனை நிமிடங்களில் கண் கலங்கிற்று என்பனவே அளவுகோல்கள். எம் தமக்கை மகளின் பட்டியலிலும் ஒரு படத்துக்கு நான்கு விண்மீன் கிடைத்திருந்தது. காரணம்: "தூக்கம் வந்தது, ஆனால் நல்ல தூக்கம்."

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. நம்மிடையே தொலைக்காட்சிக்கென்று படங்கள் எடுக்கப்படாமல் இல்லை. சத்யஜித் ராய் பிரேம்சந்தின் கதையைக் கொண்டு 1981இல் எடுத்த 'சத்கதி' தூர்தர்ஷனுக்கானது. தமிழில் பாலுமகேந்திரா இயக்கிய 'சந்தியாராகம்' தூர்தர்ஷன் தயாரிப்பு. மனைவியை இழந்த முதியவர் ஒருவர் சிற்றூரை விட்டுச் சென்னையில் தம்மவர் வீட்டுக்கு வந்து, அவ்வீட்டின் நெருக்கடியைக் கண்டு முதியோர் இல்லம் சேரும் கதை. சொக்கலிங்க பாகவதர் அம்முதியவராக வாழ்ந்திருப்பார். சிறந்த குடும்ப நலப் படத்துக்கான தேசிய விருதையும் அது பெற்றது.

ஆனால் இவை பண்டிகைப் படங்கள் அல்ல. அமெரிக்காவில் தொலைக்காட்சிப் படத்துக்கு வணிக நிறுவனம் பணம் தந்தது. அது ஆறுதலைக் கேட்டது. இங்கே அரசு பணம் தந்தது. அது மனச்சாட்சியைக் கேட்டது. ஒன்று ஊர் திரும்பும் பெண்ணின் கதையைச் சொல்ல, மற்றொன்று ஊரை விட்டு வந்து போக்கிடமற்ற முதியவரின் கதையைச் சொன்னது. நமக்கு வேண்டிய ஆறுதலைத் திரையரங்கப் படங்களே தந்துவந்தன. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் புதுப்படம் வெளியாவது தொலைக்காட்சிக்கு மிகவும் முற்பட்ட வழக்கம். எனவே பண்டிகை நாளில் நம் தொலைக்காட்சி செய்தது ஒன்றே: அரங்கில் ஓடி முடிந்த படத்தை வீட்டுக்குள் கொண்டுவந்து தந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி வந்து, பிற தனியார் நிலையங்களும் பெருகிய பின், "இந்தியத் தொலைக்காட்சிகளில் முதல்முறையாக" என்னும் தொடர் பட்டாசுச் சத்தம் போலப் பண்டிகையின் ஓர் அங்கமாயிற்று. தமக்கை மகள் கேட்ட வகைக்கு மிக அருகில் வரும் ஒரு படத்தைச் சொல்லச் சொன்னால், 1986இல் விசு இயக்கிய 'சம்சாரம் அது மின்சாரம்' என்போம். சிறந்த பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருது பெற்றது. கூட்டுக் குடும்பம், வீட்டின் நடுவே கிழிக்கப்படும் கோடு, கிறிஸ்தவக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட மகள், கோட்டை அழிக்கச் சூழ்ச்சி செய்யும் வேலைக்காரப் பெண்மணி என்று எல்லாம் உண்டு. ஆனால் முடிவில் மூத்த மருமகள், கூடி வாழ்வதை ஏற்காமல் தனித்திருந்து அன்பாயிருப்போம் என்று சொல்லிவிடுவாள். ஹால்மார்க் நிறுவனத்தார் அந்த முடிவை ஒருநாளும் ஒப்பமாட்டார்கள்.

இது நிற்க. எம் ஏட்டுக்கு வருவோம்.

தேசூர், திருவண்ணாமலை மாவட்டம் வந்தவாசி வட்டத்தைச் சேர்ந்த பேரூராட்சி. மகேந்திரவர்மன் குடைவித்த சீயமங்கலம் குடைவரை பக்கத்தில்தான் உள்ளது. நந்திவர்மன் வென்ற தெள்ளாறும் தொலைவில்லை. ஆனால் எம் தெருவில் பல்லவர் பேச்சு எழுந்ததில்லை. பாவு, ஊடை, ஜரிகை, கூலி ஆகிய நான்குமே பேச்சு. ஆரணிப் பட்டு என்ற பெயரில் கடைக்குச் செல்லும் சேலைகளில் எம் தெருத் தறிகளில் நெய்யப்பட்டவையும் உண்டு. தறி என்றால் குழித்தறி. வீட்டின் முன்கட்டில் தரையைத் தோண்டி அமைத்த குழியில் கால்களை இறக்கி, மிதிகளை மிதித்து நெய்ய வேண்டும். நெய்பவர் அப்பா. ஊடைக்கு நூலை இராட்டையில் தாராகச் சுற்றித் தருபவர் அம்மா.

தறிக்காரனின் தோழன் வானொலியே. கண்ணும் கையும் காலும் தறிக்கு உரியவை, மிச்சமிருப்பது காது. ஞாயிற்றுக்கிழமைகளில் வானொலி ஒலிபரப்பிய ஒலிச்சித்திரங்களின் வழியே, கண்ணால் காணாத படங்களின் உரையாடலெல்லாம் எம் தெருவுக்கு மனப்பாடம். தொலைக்காட்சியோ கண்ணைக் கேட்டது. தறியில் அமர்ந்தவன் அதைத் தர இயலாது. ஆகையால் ஒரு படத்தை முழுதாகக் கண்ணால் பார்ப்பது, தறிக்கு ஓய்வு தரும் பண்டிகை நாளில்தான் வாய்த்தது.

எதிர்வீட்டில் ஓர் ஆசிரியர் குடும்பம் இருந்தது, கிறிஸ்தவர்கள். தெருவில் முதலில் வண்ணத் தொலைக்காட்சி வாங்கியவர்கள். மார்கழி பிறந்தால் மூங்கில் தப்பையை வளைத்துத் தாள் ஒட்டிய விண்மீன் விளக்கு அவர்கள் வாசலில் ஏறும். கிறிஸ்துமஸ் இரவில் வாடகைக்கு 'டெக்' எடுத்து வருவார்கள். பெட்டியைத் திண்ணையில் தெருப்பக்கமாகத் திருப்பி வைத்து மூன்று படங்கள் போடுவார்கள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தெருவார் பணம் சேர்த்து 'டெக்' எடுப்பார்கள். திண்ணை அதே திண்ணைதான். பாய் விரித்துத் தெருவில் அமர்வோர் ஒரு பாதி, அவரவர் திண்ணையிலிருந்து பார்ப்போர் மறுபாதி. அம்மா எங்கள் திண்ணையில் இராட்டையோடு அமர்ந்திருப்பார். பண்டிகை நாளில் தறிக்கு ஓய்வு உண்டு, தாருக்கு இல்லை. மறுநாள் தறி ஓட வேண்டுமென்றால் இன்றிரவே தார் சுற்றி வைத்தாக வேண்டும்.

அக்காலத்தில் ஆனந்த விகடன் படங்களுக்கு இடும் மதிப்பெண் பெரும்பேச்சாக இருந்தது. '16 வயதினிலே' பெற்ற 62.5 என்னும் எண்ணைத் தேர்வு எண் போல நினைவில் வைத்திருந்தோம். அதைப் பார்த்து நாமும் 1989 தீபாவளி முதல் ஓர் ஏட்டில் மதிப்பெண் இடலானோம். வயது பத்து. முதற்கட்டத்தில் நாளும் படமும். இரண்டாம் கட்டத்தில் நூற்றுக்கு எம் மதிப்பெண். மூன்றாம் கட்டம் அம்மாவுக்கு. அவரிடம் கேட்டால் "நல்லாத்தான் இருந்துச்சு" என்பார். எல்லாப் படத்துக்கும் அதே விடை. எனவே நாமே ஓர் அளவுகோல் வகுத்துக்கொண்டோம். படம் முடிந்ததும் அம்மாவின் கூடையிலுள்ள தார்களை எண்ணுவோம். படம் நன்றாயிருந்தால் கை நின்றிருக்கும், தார் குறைந்திருக்கும். படம் சலிப்பூட்டினால் கை ஓடியிருக்கும், தார் மிகுந்திருக்கும். தார் இல்லையென்றால் முழு மதிப்பெண். ஆறாண்டுகளில் இருபத்தேழு படங்களுக்கு இவ்வாறு குறித்திருக்கிறோம்.

சென்ற மார்கழியில் அவ்வேட்டைப் புரட்டியபோது ஒரு சீர்மை கண்ணில் பட்டது. பொங்கலில் பார்த்த படங்களுக்கெல்லாம் எட்டு, ஒன்பது, பத்துத் தார். தீபாவளியும் கிறிஸ்துமஸும் சார்ந்த படங்களில் பலவற்றுக்குத் தார் ஒன்றோ இரண்டோ, சிலவற்றுக்கு ஒன்றுமில்லை. 'சம்சாரம் அது மின்சாரம்' பொங்கலன்று பார்த்தது; நாம் இட்டது 58, அம்மாவின் கட்டத்தில் ஒன்பது தார். 'ஞானசௌந்தரி' ஒரு கிறிஸ்துமஸ் இரவில் பார்த்தது. நாம் இட்டது 34, "பழைய படம், பாட்டு அதிகம்" என்று குறிப்பு வேறு. அம்மாவின் கட்டத்தில் சுழி. அதாவது முழு மதிப்பெண்.

'ஞானசௌந்தரி' பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். மாற்றாந்தாயின் சூழ்ச்சியால் இளவரசி ஒருத்தியின் கைகள் வெட்டப்படுகின்றன. தேவமாதாவின் அருளால் அவை மீண்டும் கிடைக்கின்றன. கையிழந்த பெண்ணின் கதை ஐரோப்பிய நாட்டார் மரபில் பழமையானது. தமிழகத்தில் நாடக மேடையில் நெடுங்காலம் நடிக்கப்பட்டுப் பின் திரைக்கு வந்தது. 1948இல் சிட்டாடல் நிறுவனமும் ஜெமினி நிறுவனமும் இதே கதையைத் தனித்தனியே எடுத்தன. சிட்டாடலின் படம் வென்றது. வாசன் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

இப்போது எமக்குள் இருக்கும் கல்லூரி ஆசிரியர் விழித்துக்கொண்டார். கையால் பிழைக்கும் தறிவீட்டுப் பெண் ஒருத்தி, கைகள் வெட்டப்பட்டு மீளும் கதையைக் காண்கிறாள். தன் கை வேலையை மறக்கிறாள். எவ்வளவு பொருத்தமான சான்று! பார்வையாளர் தம் வாழ்வைக் கொண்டே கலைக்கு மதிப்பளிக்கிறார்கள் என்று வகுப்பில் இந்த ஏட்டைக் காட்டிப் பாடமே நடத்திவிட்டோம். மாணவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

பொங்கல் விடுமுறைக்கு ஊர் சென்றபோது அம்மாவிடம் ஏட்டைக் காட்டினோம். எழுபதைக் கடந்தவர். நாம் எண்ணிக் குறித்தது அவருக்கு அதுவரை தெரியாது. சிரித்தார். பிறகு கேட்டார்:

"ஏம்பா, அது மழைக்காலமாச்சே. குழியில தண்ணி ஊறிப்போனா தறி எப்படி ஓடும்? தறி ஓடலன்னா தார் எதுக்கு?"

நாம் பேச்சற்று நின்றோம். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் அடைமழை பெய்தால் குழித்தறியில் நீர் ஊறும். தெருவில் பாவு விரிக்கவும் இயலாது. மார்கழி பிறந்தும் சில ஆண்டுகளில் குழி வற்றாது. தீபாவளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் தார் குறைந்தது படத்தின் சிறப்பால் அன்று, வேலையில்லாமையால். தை பிறந்தால் குழி காய்ந்துவிடும், தறி ஓடும், தார் வேண்டும். இதை அறியாதவர்களா நாம்? அதே குழியின் ஓரத்தில்தான் படித்து வளர்ந்தோம். ஆயினும் முப்பதாண்டுகள் கழித்து ஏட்டைக் கையில் எடுத்தபோது, எண்களைப் பார்த்தோம், மழையைப் பார்க்கவில்லை.

"ஞானசௌந்தரி?" என்று விடாமல் கேட்டோம்.

"கையை வெட்டினது நெனவிருக்கு. திரும்ப வந்துச்சா? நான் பாக்கலப்பா. உள்ள தண்ணி மொண்டு ஊத்தப் போயிட்டேன். உங்கப்பா ஒத்த ஆளா மொண்டுக்கிட்டு இருந்தாரு."

முழு மதிப்பெண் பெற்ற படத்தின் பாதியை அவர் பார்க்கவே இல்லை. மூன்றாம் முறையும் கேட்டோம், அப்படியானால் எதுதான் நல்ல படம் என்று. சற்று யோசித்தார். "விசு படம் நல்லா இருந்துச்சு. மனோரமா பேசினதுக்குத் தெருவே சிரிச்சுதே. வேலை இருந்த நாள்ல பார்த்ததெல்லாம் நல்ல படந்தான்."

ஒன்பது தார் சுற்றிக்கொண்டே பார்த்த படம் அது. எம் அளவுகோல் பிழையானது மட்டுமன்று, தலைகீழாகவும் இருந்திருக்கிறது.

இப்பிழை எம்முடையது மட்டும்தானா என்று எண்ணிப் பார்க்கிறோம். தொலைக்காட்சி நிகழ்ச்சிகளின் செல்வாக்கை அளக்க, 1990களின் பிற்பகுதியிலிருந்து தேர்ந்தெடுத்த வீடுகளில் கருவிகளைப் பொருத்தி வந்தார்கள். நெடுங்காலம் அவை பெரும்பாலும் நகர வீடுகளிலேயே இருந்தன. 2015இல் பார்க் என்னும் அமைப்பு அளவீட்டை ஏற்ற பின்னரே கிராமப்புற வீடுகளும் முறையாகக் கணக்கில் சேர்ந்தன. கருவி, பெட்டி எரிந்துகொண்டிருப்பதைச் சொல்லும். எவர் பார்ப்பதாகப் பொத்தானை அழுத்தியுள்ளார் என்பதையும் சொல்லும். பெட்டி பாடிக்கொண்டிருக்க, வீட்டுக்காரி உள்ளே நீர் மொண்டுகொண்டிருப்பதை எப்படிச் சொல்லும்? விகடனின் மதிப்பெண்ணாவது படத்துக்கு இட்டது. எம் ஏடும் இக்கருவிகளும் பார்ப்பவரை அளப்பதாகச் சொல்லிக்கொண்டு, பார்ப்பவர் வீட்டு நிலையை அறியாதிருந்தன.

ஆயினும் ஏட்டைக் குப்பையில் எறிய மனம் வரவில்லை. படங்களைப் பற்றி அது கூறியவை பொய்; எம் வீட்டைப் பற்றி அது கூறுபவை மெய். 1989க்கும் 1995க்கும் இடையில் எந்தெந்தப் பண்டிகையில் தேசூரின் ஒரு குழித்தறி ஓடியது, எதில் நின்றது என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் எம்மிடம் இல்லை. கூலிக் கணக்கு எழுதிய சீட்டுகள் எப்போதோ கரையானுக்கு இரையாயின. திரைப்படத்துக்கு ஒரு சிறுவன் இட்ட மதிப்பெண், அவன் அறியாமலே ஒரு தொழிலின் வரவுசெலவாய்ப் பிழைத்திருக்கிறது.

இன்று எதிர்வீட்டுத் திண்ணை இல்லை. 2006 முதல் தமிழக அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். எம் தெருவிலும் வீட்டுக்கொன்று வந்தபின் பாய் விரிப்பார் இல்லாமற் போயினர். அப்பா மறைந்த பின் தறிக்குழியை மூடித் தரையோடு பதித்தாயிற்று. தமக்கை மகள் பார்க்கும் படங்களில் பண்டிகை வந்தால் சிற்றூரின் பட்டறை பிழைத்துவிடுகிறது. அதைப் பார்த்து அவள் ஆறுதல் அடைவதை நாம் இகழ மாட்டோம். அவள் பாட்டி நீர் மொண்டு ஊற்றிய குழியும் அத்தகைய ஒரு பட்டறைதான்.

அவளுக்கு விடையெழுதினோம். நம்மிடம் அப்படிப்பட்ட படங்கள் இல்லை. பண்டிகை நாளில் பார்த்ததனால் பண்டிகைப் படங்களானவை உண்டு என்றோம். விண்மீன்களை இட்டுக்கொண்டே வா. ஆனால் பக்கத்தில் அன்று எவர் உடனிருந்தார், வெளியே பனியா மழையா, மறுநாள் வேலை இருந்ததா என்பதையும் எழுதி வை என்றும் சொன்னோம். முப்பதாண்டு கழித்துப் படிப்பவருக்கு விண்மீன்களைவிட அவை பயன்படும்.

ஊரிலிருந்து கிளம்புமுன் 'ஞானசௌந்தரி'யின் பிற்பகுதியைக் கைபேசியில் தேடி எடுத்து அம்மாவிடம் காட்டினோம். கைகள் மீளும் காட்சிவரை கண்ணெடுக்காமல் பார்த்தார். முடிந்ததும் "நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குச் சென்றார். ஏட்டில் எதையும் திருத்தவில்லை. அந்தச் சுழியின் பக்கத்தில் "மழை" என்று மட்டும் எழுதி வைத்தோம்.